புல்டோக் குட்டி வாங்குவதற்கு முன்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் குளிர்தானே, புல்டோக் வளர்க்கலாமா என்றால், வளர்க்கலாம், ஆனால் சப்பை மூக்கு என்பதால் மூச்சு விடவே அது சிரமப்படும், அதனால் பிள்ளைகளோடு ஏற்றத்தில் ஓட விடாதீர்கள். கொழும்புக்குக் கூட்டிப்போனால் மூடிய காருக்குள் கொஞ்ச நேரம்கூட விட வேண்டாம், வெக்கையில் உயிரே போய்விடும்.

அப்புறம் முகத்து மடிப்புகள். நம் மழையிலும் பனிமூட்டத்திலும் ஈரம் தங்கிப் புண்ணாகும், தினமும் துடைத்துக் காயவிடுங்கள்.

தாய் நாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். தாய் சும்மா நிற்கும்போதே குறட்டை மாதிரி இரைந்தால் அந்தக் குட்டி வேண்டாம்.

வளர்ந்தால் 23 கிலோ அளவு வரும், சரியாக நீந்தாது. பிள்ளைகளிடம் ரொம்பச் சாது. வைத்தியச் செலவுதான் கூட, அவசரத்துக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைவரை போக வாகனம் கிடைக்குமா என்று முதலிலேயே பார்த்துவையுங்கள்.