பூல் கியூவைத் தட்டிக் கேட்டுப் பார்ப்பது எப்படி?

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்து விடுதிகளில் பூல் மேசை இருந்தால், சுவரோரம் நாலைந்து கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், சாத்தியிருக்கும். ஒன்றால் அடித்தால் ‘டிக்’ என்று கேட்கும், இன்னொன்றால் ‘தொப்’. வேறொன்று கையெல்லாம் அதிரவைக்கும். புதிதாக ஆட வருகிறவர்கள் விலைதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம், நுனியில் ஒட்டியிருக்கும் ‘டிப்’ என்கிற 13 மில்லிமீற்றர் அகலத் தோல்துண்டுதான். காசு செலவழிக்காமல் காதாலேயே இதைத் தெரிந்துகொள்ளலாம். பாட்டு ஓடினால் மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்.

முதலில் தட்டிப் பாருங்கள். கியூவின் இரண்டு பாதிகளும் சேரும் ஜாயின்டை நன்றாக இறுக்கிவிட்டு, தடித்த முனையிலிருந்து கால்வாசி நீளத்தில் இரண்டு விரலால் பிடித்துக் கியூவைத் தொங்கவிடுங்கள். அந்த இடத்தில் மரம் அதிகம் அதிராது, அதனால் உங்கள் பிடி சத்தத்தை அமுக்காது. இப்போது நடுப்பகுதியை விரல் முட்டியால் தட்டுங்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரிதான். தெளிவாக ஒலித்து அடங்கினால் சரி. ‘கிர்ர்’ என்றால் ஏதோ ஒன்று ஆடுகிறது: ஜாயின்ட் இறுகாமல் இருக்கலாம், அடிக்கட்டைக்குள் (தடித்த பின்பாதிக்குள்) எடைக்காகப் போட்ட போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது நுனிக்குக் கீழே உள்ள வெள்ளை வளையமான ஃபெரூல் வெடித்திருக்கலாம். ஃபெரூலை நகத்தால் சுண்டினாலே வெடிப்பு தெரிந்துவிடும்.

அடுத்து டிப். சோக் பூசி, வெள்ளைப் பந்தை மட்டும் வைத்து, நட்டநடுவில் மெதுவாக அடியுங்கள். ஓரத்தில் பட்டால் அதே கியூ வேறு சத்தம் போடும், ஒப்பிடவே முடியாது. பிறகு இன்னொரு கியூவை எடுத்து அதே வேகத்தில் அடியுங்கள். கடினமான டிப் கூர்மையாக ஒலிக்கும், அதிர்வும் கைக்கு வரும். மென்மையான டிப் அமுங்கும், சத்தமும் அடங்கிவிடும். முதல் அடிக்கென்று வைத்திருக்கும் பிரேக் கியூக்களில் தோலுக்குப் பதில் ஃபீனாலிக் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் டிப் போடுவதுண்டு. அது மேசையில் கல் விழுந்த மாதிரி கேட்கும்.

நம் ஊர்க் குளிரையும் இங்கே கணக்கில் எடுங்கள். தோல் ஈரத்தை இழுத்தால் இளகும். பனிமூட்டமான மாலையில் சத்தம் மந்தமானால் உடனே கியூவைக் குறை சொல்ல வேண்டாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடும்.

கியூவின் மெல்லிய முன்பாதியான ஷாஃப்டுக்கு வருவோம். பூல் கியூவில் வழக்கமாக மேப்பிள் மரம். காபன் ஃபைபர் ஷாஃப்டின் உள்ளே வெற்றுக் குழாயோ நுரையோ இருப்பதால் அதன் ஒலியே தனி. சிலருக்குப் பிடிக்கும்; எனக்கு மரம்தான். நுவரெலியா ஹில் கிளப் மாதிரி துரைமார் காலத்து இடங்களில் இருக்கும் பில்லியர்ட்ஸ் மேசையில் பூல் கியூவின் சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கியூக்களுக்குப் பெரும்பாலும் ஆஷ் மரம், பித்தளை ஃபெரூல், 10 மில்லிமீற்றரை ஒட்டிய மெல்லிய டிப்.

ஜாயின்ட் பற்றித்தான் ஆட்டக்காரர்கள் அதிகம் சண்டை போடுவார்கள். உருக்கு வளையம் போட்டது கெட்டியாக அடிக்கும், மரமும் மரமும் சேர்ந்தது இதமாக இருக்கும் என்பார்கள். நீங்களே சோதியுங்கள். நண்பரை இரண்டு கியூவாலும் மாறி மாறி அடிக்கச் சொல்லி, முதுகைத் திருப்பிக்கொண்டு எது எது என்று சொல்லுங்கள். டிப் ஒரே மாதிரி இருந்தால் திணறுவீர்கள். அப்புறம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நீங்களே அடித்துப் பாருங்கள். கையில் உணர்ந்ததாக நினைத்ததில் பாதி, காதில் கேட்டது என்று தெரியும்.

இன்னொன்று. டிப் பந்தைத் தொட்டிருப்பது ஏறக்குறைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதிர்வு உங்களுக்கு உறைப்பதற்குள் பந்து போய்விட்டிருக்கும். அதனால் இனிமையான சத்தம் பந்தைக் குழிக்குள் தள்ளாது. நுனிப்பக்கத்து எடைதான் ஆட்டத்தில் தெரியும்: அது குறைந்தால், பந்தின் ஓரத்தில் அடிக்கும்போது வெள்ளைப் பந்து விலகுவதும் குறையும்.

அடிக்கட்டையில் கருங்காலி போட்டால் ஒலி மாறும் என்பார்கள். நம் நாட்டு உலர் வலயத்து மரம், பார்க்க அழகு. ஆனால் காசு குறைவென்றால் முதலில் டிப்பை மாற்றுங்கள். புதுத்தோல் அடி வாங்கி இறுகும்வரை கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்கும். நாலைந்து ஆட்டம் போன பிறகு மறுபடி தட்டிக் கேட்டுப் பாருங்கள்.