பீச்சுக்கு வண்டி எடுத்துட்டுப் போறீங்களா, காத்து புடிக்கிற பம்பைப் பாத்து வாங்குங்க

ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பக்கம் இருக்குற மணல் தீவான கர்ரி தீவுக்கு (ஃப்ரேசர் ஐலண்ட்னு சொன்னாதான் நெறைய பேருக்குப் புரியும், 2023ல பழைய பேரையே திரும்ப வச்சுட்டாங்க) முதல் தடவை ஃபோர் வீல் டிரைவ் எடுத்துட்டுப் போற நம்மாளுங்க எல்லாரும் கேக்குறது, எந்த பம்பு வாங்கட்டும்னுதான். நான் முதல்ல வாங்குனது தப்பான பம்பு, அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

அட்டைப்பெட்டி மேல 150 பிஎஸ்ஐனு (டயர் காத்தழுத்தத்த அளக்குற அலகு) கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, விலையும் கம்மி, தூக்கிட்டு வந்துட்டேன். லாரி டயருக்கே அவ்ளோ வேண்டாம்னு அப்போ தோணல. தீவுலேர்ந்து திரும்பி இன்ஸ்கிப் கரையில பார்ஜ் (வண்டிய ஏத்திட்டு வர்ற படகு) எறங்கி தார் ரோடு ஏறினதும் ஓரங்கட்டி, மணலுக்காக எறக்குன டயருக்குக் காத்து புடிச்சா ஒரு டயருக்கே கால் மணி நேரம், ரெண்டாவது டயர் பாதியில சூடாகி தானா நின்னுடுச்சு, தொட்டா கை வெந்துடும், பசங்க பின்சீட்டுல பசிக்குதுன்னு ஒரே ரகளை, கொசு வேற. அப்படியே ஓட்டிட்டுப் போயிடலாம்னா அதுவும் முடியாது, காத்து கம்மியா ரோட்டுல வேகமாப் போனா டயரோட பக்கச்சுவர் மடங்கி மடங்கி சூடேறி கிழிஞ்சுடும்.

மணல்ல எறங்குறப்போ 36, 38 பிஎஸ்ஐல இருக்குற டயர 18, 20க்கு எறக்குவோம், அப்போதான் நீளவாக்குல சப்பையாப் படிஞ்சு மணல் மேல மெதந்து போகும். எறக்க ஒரு சின்ன குச்சி போதும். ஏத்துறதுலதான் இருக்கு விஷயம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 265/65 ஆர்17 சைஸ் டயர்னா உள்ள சுமாரா 65 லிட்டர் எடம், அத 18லேர்ந்து 36க்கு ஏத்தணும்னா கிட்டத்தட்ட 80 லிட்டர் வெளிக்காத்து உள்ள போகணும், நாலு டயருக்கு 320 லிட்டர். பம்பு நிமிஷத்துக்கு நெஜமா 20 லிட்டர் தள்ளுனா 16 நிமிஷம், 40 தள்ளுனா 8 நிமிஷம். இந்த "நெஜமா"லதான் ஏமாத்துவாங்க, பெட்டில 70 லிட்டர்னு போட்டிருப்பாங்க, அது எதிர அழுத்தமே இல்லாம சும்மா ஊதுற கணக்கு. 30 பிஎஸ்ஐல எத்தனை லிட்டர்னு எழுதியிருக்கான்னு தேடுங்க, எழுதவே இல்லன்னா எனக்கு அந்த பம்பு வேண்டாம்.

அடுத்தது டியூட்டி சைக்கிள், அதாவது பம்பு எவ்ளோ நேரம் ஓடலாம், எவ்ளோ நேரம் ஆறணும்ங்குற கணக்கு. 30 சதவீதம்னா 10 நிமிஷம் ஓடுனா 20 நிமிஷத்துக்கு மேல ஆற விடணும்னு அர்த்தம். நாலு டயரையும் ஒரே மூச்சுல முடிக்கிற மாதிரி பாருங்க, சூடானா தானா நின்னுக்குற கட்-அவுட்டும் இருக்கணும், இல்லன்னா மோட்டார் போயிடும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுற பம்ப நான் இதுக்கு சொல்ல மாட்டேன். அந்த சாக்கெட்டோட ஃபியூஸ் பெரும்பாலும் 10, 15 ஆம்ப்தான், 15ன்னாலும் 180 வாட்டு, அதுக்குள்ள எவ்ளோ பெரிய மோட்டார் வைக்க முடியும்? பெரிய பம்பு 30 ஆம்புக்கு மேல இழுக்கும், அதனால பேட்டரில நேரா கிளிப் போடுறதா வாங்குங்க, வயர்ல ஃபியூஸ் இருக்கான்னு பாத்துக்கோங்க, அடிக்கிறப்போ இன்ஜின் ஓடிட்டே இருக்கட்டும். கைக்கு அடக்கமா சார்ஜ் போட்டு யூஸ் பண்றது வருதுல்ல, ஊருக்குள்ள ரெண்டு மூணு பிஎஸ்ஐ ஏத்திக்க நல்லாதான் இருக்கு, நாலு பெரிய டயருக்கு தாங்காது.

ஹோஸ் நீளத்த யாருமே பாக்க மாட்டாங்க. பேட்டரி முன்னாடி பானட்டுக்குள்ள, பின் டயர் அந்தக் கோடில, வண்டியே 5 மீட்டர் நீளம், வயரும் ஹோஸும் சேந்து அங்க வரைக்கும் எட்டலன்னா கிளிப்ப கழட்டி அலையணும்.

பம்புலயே இருக்குற கேஜ ஓடுறப்போ நம்பாதீங்க, கூடுதலாதான் காட்டும், நிறுத்திட்டுப் பாருங்க, தனியா ஒரு கேஜ் வச்சுக்குறது இன்னும் நல்லது.

பீச்சுலயே புதைஞ்சு 15க்கு எறக்கி வெளிய வந்தீங்கன்னா (அந்த அழுத்தத்துல வேகமா திருப்பாதீங்க, டயர் ரிம்ம விட்டு கழண்டுக்கும்) திரும்ப 18, 20க்கு ஏத்த அங்கயே பம்ப எடுக்க வேண்டி வரும். அப்போ தண்ணி ஓரத்துல நிக்காம மேடா ஓரம் போங்க, தீவுல இருக்குற 75 மைல் பீச் சட்டப்படி ரோடு, 80 கிலோமீட்டர் வேகத்துல வண்டி வரும். பம்ப மணல் மேல வைக்காதீங்க, மணல உள்ள இழுத்தா பிஸ்டன் தேஞ்சுடும், வண்டிக்குள்ள கெடக்குற கால் மிதியடிய உருவி அதுமேல வைங்க, காத்து இழுக்குற எடத்துல கழட்டிக் கழுவுற ஃபில்டர் இருந்தா விட்டுடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால உப்பத் தொடச்சு, காயவச்சு, கிளிப்புக்கு கொஞ்சம் கிரீஸ் தடவி வண்டிக்குள்ளயே போட்டு வைங்க.