டிரேட்மார்க்கைப் புதுப்பிப்பது எப்படி? படிவத்தைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் டிரேட்மார்க்கைப் புதுப்பித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். படிவம் நிரப்புவது சுலபம், கணக்கு திறப்பது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். என்னை அதிக நேரம் உட்காரவைத்தது தேதிதான்.

1. கெடு தேதி

பெரும்பாலான நாடுகளில் பதிவு 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் அந்தப் பத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? இந்தியா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் விண்ணப்பித்த நாளிலிருந்து. அமெரிக்கா, ஜப்பான், சீனாவில் பதிவான நாளிலிருந்து.

2017 மார்ச் 14 அன்று இந்தியாவில் விண்ணப்பித்தீர்கள், 2019 ஆகஸ்டில் சான்றிதழ் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழ் வந்த நாளை மனதில் வைத்திருப்பவர் 2029 வரை கவலையில்லை என்று இருந்துவிடுவார். உண்மையில் 2027 மார்ச்சிலேயே காலம் முடிந்துவிடும். அதனால் சான்றிதழை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, பதிவேட்டில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.

எத்தனை நாள் முன்னதாக விண்ணப்பிக்கலாம் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் ஓராண்டு முன்பே தரலாம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 6 மாதம். ஓரிரண்டு டிரேட்மார்க் மட்டும் வைத்திருப்பவருக்குக் காசு கட்டி வாங்கும் நினைவூட்டல் சேவை தேவையே இல்லை. ஓர் எக்செல் தாளும் போன் காலண்டரும் போதும்.

2. உரிமையாளர் பெயர்

பதிவேட்டைத் திறந்த அதே சூட்டில் பெயர், முகவரியையும் சரிபாருங்கள். தனிநபராகத் தொடங்கிய தொழில் இப்போது கம்பெனியாகியிருந்தால், பதிவேட்டில் பழைய பெயர்தான் இருக்கும். அதை மாற்றுவது தனி விண்ணப்பம். முடிந்தவரை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

3. வகுப்புகள்

டிரேட்மார்க் எந்தப் பொருளுக்கு, எந்தச் சேவைக்கு என்று பிரித்துப் பதிவதுதான் வகுப்பு. மொத்தம் 45 வகுப்புகள். முதல் 34 பொருள்களுக்கு, மீதி சேவைகளுக்கு. பல நாடுகளில் வகுப்புக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம். நீங்கள் கைவிட்ட தொழிலுக்கான வகுப்பைப் புதுப்பிக்காமல் விடலாம். கட்டணம் கட்டிவிட்டால் மட்டும் உரிமை நிலைத்துவிடாது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 5 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாத பதிவை நீக்கச் சொல்லி மற்றவர் கேட்க முடியும்.

அமெரிக்கப் பதிவு வைத்திருப்பவர்கள் கவனிக்க: அங்கே 10 ஆண்டு வரை காத்திருக்க முடியாது. 5ஆம் ஆண்டு முடிந்து 6ஆம் ஆண்டு முடிவதற்குள், பயன்பாட்டில் இருக்கிறது என்ற உறுதிமொழியை ஆதாரத்தோடு தர வேண்டும்.

4. கட்டணமும் ரசீதும்

கட்டியதும் ரசீதைச் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பதிவேட்டில் புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஏறும்வரை வேலை முடியவில்லை.

தேதி தாண்டிவிட்டதா? பதற வேண்டாம். டிரேட்மார்க், காப்புரிமை போன்றவற்றுக்கான சர்வதேச ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கைப்படி கட்டணம் செலுத்தக் குறைந்தது 6 மாத அவகாசம் உண்டு, பெரும்பாலும் கூடுதல் கட்டணத்துடன். அதுவும் போய்விட்டால், இந்தியாவில் காலாவதியான நாளிலிருந்து ஓராண்டு முடிவதற்குள் பதிவை மீட்கக் கேட்கலாம். அந்தக் கெடுவும் தாண்டினால் புதிய விண்ணப்பம்தான், அதற்குள் வேறொருவர் முந்திக்கொள்ளலாம்.

பிறகு சேர்த்தது: இரண்டு விஷயங்களைப் பலர் கேட்டிருந்தார்கள்.

"லோகோவை மாற்றிவிட்டோம், புதுப்பிக்கும்போது புதியதைப் போடலாமா?" முடியாது. பதிவான வடிவம்தான் புதுப்பிக்கப்படும். புது லோகோவுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். பழையது இன்னும் எங்காவது பயன்பாட்டில் இருந்தால், புதியது பதிவாகும்வரை அதையும் உயிரோடு வைத்திருங்கள்.

"புதுப்பிக்கக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது, கட்டலாமா?" பதிவேடு எல்லோரும் பார்க்கக்கூடியது என்பதால், உங்கள் எண்ணையும் தேதியையும் எடுத்து அரசு அலுவலகம் போலவே பில் அனுப்பும் கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பே இதைப் பற்றி எச்சரித்து, அத்தகைய கடிதங்களின் மாதிரிகளைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. கடிதத்தில் உள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். அலுவலகத்தின் தளத்துக்கு நீங்களே போய்க் கட்டுங்கள், இல்லையென்றால் உங்களுக்குத் தெரிந்த டிரேட்மார்க் ஏஜென்ட்டிடம் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள்.