மாம்பழப் பெட்டிக்குள் ஒரு பீட்டில்: முதல் மாடல் கார் செய்வது எப்படி?

கிருஷ்ணகிரியில் டாக்ஸி என்றாலே அம்பாசடர்தான் என்றிருந்த காலத்தில் எங்கள் மாமா ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் பானெட்டில் முகம் பார்த்துத் தலை வாரியிருக்கிறேன். அந்தப் பளபளப்பை உள்ளங்கை நீள வண்டியில் கொண்டுவர முடியுமா என்று பார்க்கப் போய்த்தான் இந்தப் பொழுதுபோக்கில் விழுந்தேன். இதுவரை நான்கு கார்கள் முடித்திருக்கிறேன். முதல் காரை யாருக்கும் காட்டுவதில்லை.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். போர் டாங்கி மாடல் செய்பவர்கள் தப்பு நடந்த இடத்தில் கொஞ்சம் சேறு பூசி மறைத்துவிடலாம். காருக்கு அந்தச் சலுகை கிடையாது. பளபளப்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் பாடியைப் பற்றியே பேசப் போகிறேன். இன்ஜினை ஒட்டுவது எப்படி என்பதை, பாகங்கள் அடங்கிய பெட்டியான கிட்டோடு வரும் படத்தாளே சொல்லிவிடும்.

எதை வாங்குவது

1/24 அளவில் தொடங்குங்கள். நிஜ வண்டியின் 24 மடங்கு சிறியது என்று அர்த்தம். 4.3 மீட்டர் நீள அம்பாசடர் இந்த அளவில் 18 சென்டிமீட்டர் வரும். 1/43 பார்க்க அழகு, ஆனால் கதவுக் கைப்பிடி அரிசி அளவு இருக்கும், முதல் முயற்சிக்கு வேண்டாம்.

எனக்கும் அம்பாசடரில்தான் தொடங்க ஆசை. பெரிய கிட் நிறுவனங்கள் எதிலும் அதை இதுவரை நான் பார்த்ததில்லை. அதனால் ஜப்பானின் டாமியா நிறுவனம் 1/24 அளவில் போட்டிருக்கும் 1966ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் 1300 பீட்டிலை எடுக்கலாம். ரெவெல் நிறுவனத்திலும் பீட்டில் உண்டு. கிட் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல்தான் வரும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. ஆன்லைனில் வாங்கலாம், அல்லது பெங்களூரு போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பணம் போட்டுக் கெடுத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தால், பொம்மைக் கடையில் பின்னால் இழுத்து விட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசடர் ஒன்று வாங்குங்கள். அடியில் இருக்கும் ஸ்குருவைக் கழற்றினால் பாடி தனியே வந்துவிடும். கீழே நான் சொல்லும் பெயிண்ட் வேலை முழுவதையும் அதில் பழகிவிட்டு அப்புறம் கிட்டைப் பிரிக்கலாம்.

மற்ற சாமான்கள்: சின்ன நிப்பர் (வெட்டும் குறடு), கட்டர் கத்தி, சாமணம் (நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடையில் நல்லதாகக் கிடைக்கும்), மாஸ்கிங் டேப், 600 முதல் 2000 வரை வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக்கூட நைசு), மாடல்களுக்கான பிளாஸ்டிக் சிமென்ட், பிரைமர் (அடிப்பூச்சு), கலர், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) என்று மூன்று ஸ்ப்ரே டப்பா, சின்ன பாகங்களுக்கு நாலைந்து அக்ரிலிக் கலர். விளக்குமாற்றிலிருந்து ஒரு பிடி ஈர்க்குச்சி உருவி வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் கலக்கவும், சின்ன பாகங்களைக் குத்திப் பிடித்து அடிக்கவும் அதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை.

குளிப்பாட்டுதல்

பாகங்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டுதான் வரும். சட்டத்தோடு அப்படியே பாத்திரம் விளக்கும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய்ப் பசை மேலே இருக்கலாம். அது இருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

காய்ந்த பிறகு அவசரப்பட்டு எல்லாவற்றையும் வெட்டிப் போடாதீர்கள். பாகத்தின் எண் சட்டத்தில்தான் அச்சாகியிருக்கும். வெட்டிய பிறகு இடது முட்டு எது, வலது முட்டு எது என்று ராத்திரி பதினொரு மணிக்குத் தேட வேண்டியிருக்கும். தேவைப்படும்போது மட்டும் வெட்டுங்கள். அதிலும் பாகத்தை ஒட்டி வெட்டாமல், கொஞ்சம் தள்ளி ஒரு முறை வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி எடுங்கள்.

பாடியைத் தேய்த்தல்

பாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சின் இரண்டு பாதிகள் சந்தித்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். அதைக் கத்தியின் விளிம்பால் மெல்லச் சுரண்டி, 600 தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, 1000 தாளில் முடியுங்கள். குழி இருந்தால் மாடலுக்கான பட்டி போட்டு, நன்றாகக் காயவிட்டுத் தேய்க்க வேண்டும்.

என் இரண்டாவது காரின் பாடியை, சேலம் போகும் சாலையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். லாரிக்கு பெயிண்ட் அடித்தே முடி நரைத்தவர். கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. வேறெங்கோ பார்த்தபடி கூரைமேல் நடுவிரலை ஓட்டிவிட்டு, "இங்க ஒரு மேடு இருக்கு தம்பி" என்றார். எனக்குக் கண்ணுக்கும் தெரியவில்லை, விரலுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பிரைமர் அடித்தேன். அவர் தொட்ட அதே இடத்தில் கோடு எழுந்து நின்றது.

அதனால் பிரைமரை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிசாக ஒரு கோட் (பூச்சு) அடித்தால் கீறல், குழி, கோடு எல்லாம் தெரிந்துவிடும். திரும்பத் தேய்த்து, மறுபடி பிரைமர். எனக்கு வழக்கமாக மூன்று சுற்று ஆகும்.

பிரைமரின் நிறமும் முக்கியம். சிவப்பு, மஞ்சள் போன்ற கலர்களைச் சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் மங்கிப்போகும். அவற்றுக்கு வெள்ளை பிரைமர். முதல் காருக்கு வெளிர்நீலம், க்ரீம் மாதிரி சாதாரண நிறமாக எடுங்கள். மெட்டாலிக் இப்போதைக்கு வேண்டாம்.

பெயிண்ட் அடித்தல்

நம் பக்கம் மாம்பழ சீசன் முடிந்தால் அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. பெரிய பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் ஸ்ப்ரே அடிக்க அறை தயார். உள்ளே தரையில் ஈரமான செய்தித்தாள் விரியுங்கள், தூசி எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். மொட்டை மாடியிலோ திண்ணையிலோ அடிப்பதாக இருந்தால், கால் மணி நேரம் முன்பே வாசல் தெளிப்பது போலச் சுற்றிலும் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

காலை ஏழரையிலிருந்து பத்து மணிக்குள் நல்ல நேரம். வெயில் ஏறிவிட்டால் பெயிண்ட் துளி பாடியைத் தொடுவதற்குள்ளேயே காய்ந்து, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகிவிடும். ஆடி மாதம் மொட்டை மாடிப் பக்கமே போகாதீர்கள். அம்மி பறக்கிற காற்றில் பெயிண்ட் எங்கே போய்ச் சேரும்? ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களிலும் வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் பெயிண்ட் (கரைப்பான் ஆவியாகிச் சட்டென்று காயும் வகை) காயும்போது வெண்மை பூத்துவிடும். என் முதல் கார், கரும்பச்சை, அப்படித்தான் சாம்பல் பூத்த நெருப்பு மாதிரி ஆனது. வெயில் வந்த நாளில் மேலே இன்னொரு மெல்லிய கோட் அடித்தால் பல நேரம் சரியாகிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தேய்த்து எடுக்கப் போய் இன்னும் கெடுத்தேன்.

ஸ்ப்ரே டப்பாவைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். உள்ளே அழுத்தம் கூடி, துளி பொடியாக வரும். கொதிக்கும் தண்ணீரிலோ அடுப்பின் மேலோ வைத்தால் வெடிக்கும். அப்புறம் இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். பாடியை ஒரு காலி பாட்டில்மேல் டேப் போட்டு நிறுத்திக்கொண்டால் கை படாமல் திருப்பலாம்.

தூரம் ஒரு சாண். பீய்ச்சலைப் பாடிக்கு வெளியே தொடங்கி, பாடியைக் கடந்து, வெளியே போய் நிறுத்த வேண்டும். பாடியின் மேல் நிற்கும்போது தொடங்கினாலோ நிறுத்தினாலோ அந்த இடத்தில் பெயிண்ட் தேங்கும். முதல் பூச்சில் அடியில் இருக்கும் பிரைமர் பாதி தெரிய வேண்டும். 'ஐயோ, சரியாகப் பிடிக்கவில்லையே' என்று கை தானாக இன்னொரு முறை அழுத்தப் பார்க்கும். அழுத்தாதீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் விட்டு இரண்டாவது, அதே போல விட்டு மூன்றாவது. கடைசிக் கோட் மட்டும் கொஞ்சம் ஈரமாக, மெதுவாக. அது விழும்போது பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் சொரசொரப்பு அப்படியே படிந்து கண்ணாடியாகும். அந்த இரண்டு விநாடிக்காகத்தான் நான் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன்.

வழிந்துவிட்டால் தொடாதீர்கள், காய்ந்த பிறகு தேய்த்து எடுக்கலாம். தூசி உட்கார்ந்தாலும் அதேதான். மொத்தமாகக் கெட்டுப்போனால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மூடிபோட்ட டப்பாவுக்குள் ஓர் இரவு ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் கலர் பெரும்பாலும் வந்துவிடும்.

சிலர் நிஜ காருக்கு அடிக்கும் டச்சப் ஸ்ப்ரேயை வாங்கி வருவார்கள். விலை குறைவு, உண்மைதான். ஆனால் அதிலுள்ள கரைப்பான் கடுமையானது. பிரைமர் இல்லாத பிளாஸ்டிக்கைத் தின்று வெடிப்பு விடவைக்கும். பழைய கல்யாண சிடி வீட்டில் கிடக்குமே, அதன் கெட்டிப் பெட்டியும் கிட்டும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்தான். எந்தப் புது பெயிண்டையும் அதில் பிரைமரோடு அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் காருக்கு வாருங்கள்.

மூக்குக்கு முகமூடி கட்டாயம். கிச்சன் பக்கமோ, விளக்கு எரியும் பூஜை அறைப் பக்கமோ வைத்து அடிக்காதீர்கள். இந்த ஆவி தீப்பற்றும்.

மெருகு

கலர் ஒரு நாள் காய்ந்ததும் கிளியர் கோட், அதே முறையில். பிறகு ஒரு வாரம் பெட்டிக்குள் மூடி வையுங்கள். காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க வேண்டாம், மோந்து பாருங்கள். பெயிண்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை.

நம் ஊர் கிரானைட் பட்டறைகளில் கல்லுக்கு மெருகேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முரட்டுக் கல்லில் தொடங்கி, படிப்படியாக நைசுக்குப் போவார்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் கடைசியில் கீறல் தெரியும். இங்கேயும் அதே கதைதான். 1500, 2000, கிடைத்தால் 3000 என்று சோப்புத் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்து, கடைசியில் ரப்பிங் காம்பவுண்டை (மெருகேற்றும் பசை) பழைய பனியன் துணியில் தொட்டுத் தேய்க்க வேண்டும். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லிசு, அங்கே தேய்த்தால் பிரைமர் எட்டிப் பார்க்கும். மேடான கோடுகளின்மேல் டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது என் வழக்கம். பாடியில் டியூப்லைட் கோடு வளையாமல் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஒட்டுதல்

பாடி காயும் அந்த ஒரு வாரத்தில் இன்ஜின், சீட், அடிப்பாகம் எல்லாம் செய்துவிடலாம். பிளாஸ்டிக் சிமென்ட் என்பது ஃபெவிகால் மாதிரி பசை அல்ல. இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். அதனால் ஒட்டும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். குரோம் பூசிய பாகங்களுக்கும் இதே விதி. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் தூரிகை நுனியால் ஒரு தொடு தொட்டால் போதும், தானாக உள்ளே ஓடும். விரல் அந்த இடுக்கின்மேல் இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடும். என் பீட்டிலின் அடித்தட்டில், ஆதாருக்குக் கொடுத்ததைவிடத் தெளிவாக என் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது.

கண்ணாடிகளுக்கு சிமென்டும் வேண்டாம், சூப்பர் க்ளூவும் வேண்டாம். சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் கண்ணாடி பனி படிந்த மாதிரி வெளுத்துவிடும். இங்கேதான் ஃபெவிகால். வெள்ளையாக வைத்தாலும் காய்ந்தால் தெரியாது, வழிந்ததை ஈரத் துணியால் துடைக்கலாம்.

சீட்டுக்கு மேட் (பளபளப்பில்லாத) கலர். டயரின் தரையைத் தொடும் பகுதியை வாட்டர் பேப்பரில் ஒரு சுற்று உருட்டினால் புதுப் பளபளப்பு போய் ஓடிய டயர் மாதிரி ஆகும். இன்ஜின்மேல் கறுப்பு பெயிண்டைத் தண்ணியாகக் கரைத்து ஓடவிட்டால், இடுக்குகளில் தங்கி கிரீஸ் பிடித்தது போல இருக்கும். ஜன்னலைச் சுற்றியுள்ள குரோம் பட்டைக்குத் தனியாக ஒட்டுத்தாள் விற்கிறார்கள். பொறுமை இருந்தால் சாக்லேட்டைச் சுற்றிவரும் மெல்லிய ஈயத்தாளிலும் செய்யலாம்.

நம்பர் பிளேட்

எழுத்து ஸ்டிக்கர்களைத் தண்ணீரில் அரை நிமிடம் நனைத்து, தாளிலிருந்து வழுக்கி இறக்கி, மெல்லிய துணியால் ஒற்றுங்கள். கிட்டோடு வரும் வெளிநாட்டு எண்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஊர்ப் பாசத்தில் டிஎன் 24 என்று நானே எழுதி, முன்னும் பின்னும் ஒட்டினேன்.

மாமா வந்து பார்த்தார். பெயிண்டை ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து நம்பரைப் படித்துவிட்டு, "66 மாடல் வண்டிங்கற. அப்ப தமிழ்நாடுன்னு பேரே வரலையேடா" என்றார். சரிதான். மதராஸ் மாநிலம் என்பது தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரியில். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004இல். பீட்டில் வந்த ஆண்டில் நாங்கள் தர்மபுரி மாவட்டம், அதுவும் சேலத்திலிருந்து பிரிந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்குமா என்று கேட்டார் அவர்.

முன்பக்கத்து எண்ணை ஈரப்படுத்தி எடுத்துவிட்டேன். பின்பக்கத்தது கிளியர் அடித்துவிட்டதால் வரவில்லை. முடிந்த காரை வெயில் படாத அலமாரியில், கண்ணாடிக்கு உள்ளேதான் வைக்க வேண்டும். வெயிலில் நிறம் வெளுக்கும், தூசி துடைத்தால் மெருகில் கீறல் விழும். என் பீட்டில் டிவிக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது, பின்புறம் சுவரை ஒட்டினாற்போல.