தீவுக் கடற்கரையில் கேபின் கேம்பிங்: முதன்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

கூடாரம் அடித்துப் பழக்கமில்லை, தரையில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், ஆனாலும் அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் மூன்று நான்கு இரவு தங்கிப் பார்க்க ஆசை. இப்படிப்பட்டவர்களுக்குக் கேபின்தான் நல்ல தொடக்கம். மரத்தளம், கூரை, பூட்டுகிற கதவு, ஒன்றிரண்டு கட்டில் அங்கே இருக்கும். படுக்கை விரிப்பு, கொசுவலை, விளக்கு, சமையல் சாமான், பல இடங்களில் குடிதண்ணீர்கூட உங்கள் பொறுப்பு.

கிளம்பும் முன்பே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வெப்பமண்டலத் தீவில் உங்கள் சௌகரியத்தை முடிவுசெய்வது காற்றோட்டம். பகலில் 30 டிகிரி பக்கம், இரவிலும் 25 டிகிரியை ஒட்டி, ஈரப்பதம் 80 சதவீதம் வாக்கில் இருக்கும். இந்த ஈரத்தில் வியர்வை சீக்கிரம் உலராது, அதனால் உடம்பும் குளிராது. காற்று ஓடினால் தூக்கம் வரும், துணி காயும், கொசு அண்டாது. ஆகவே கேபினைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கட்டிலை எங்கே போடுவது என்பது வரை காற்றைப் பார்த்தே முடிவெடுங்கள்.

படி 1: நாள் குறிப்பது

முதலில் மழையும் புயலும். தென் அரைக்கோளத் தீவுகளில் புயல் பருவம் பொதுவாக நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வட அரைக்கோளத்தில் கடலுக்குக் கடல் மாறும். அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரை. பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 5 பாகைக்குள் இருக்கும் தீவுகளில் புயல் அபூர்வம், ஆனால் மழைக்குக் குறைவிருக்காது. ஒரே தீவிலும் காற்று வந்து மோதும் பக்கம் மழையும் அலையுமாக இருக்கும். மறுபக்கம் காய்ந்து, கடலும் அடங்கியிருக்கும். மலை உள்ள தீவு என்றால் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். நீங்கள் போகும் மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்று கேட்டுவிட்டு, மறைவான பக்கத்தைப் பாருங்கள்.

அடுத்து நிலவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வற்றம் கூடினால் பவளத்திட்டைத் தாண்டிப் படகு கரைக்கு வர முடியாமல் போகலாம். ஏற்றம் கூடினால் மணல்திட்டு சுருங்கிவிடும். முதன்முறை போகிறவர்கள் அரைநிலவை ஒட்டிய நாட்களை எடுத்துக்கொள்வது நல்லது. ஏற்றநேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 8 மணிக்கு என்றால் நாளை 9 மணிக்குச் சற்று முன்.

திரும்பும் படகையும் விமானத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். அலை எழும்பினால் படகு நிற்கும். ஒரு நாள் இடைவெளி விடுங்கள். சாப்பாடும் வழக்கமான மருந்துகளும்கூட ஒரு நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

படி 2: கேபினைத் தேர்ந்தெடுப்பது

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். விளம்பரப் படத்தில் கேபின் கடலைப் பார்த்து நிற்கும். அதன் பின்சுவர் எப்படி இருக்கிறது என்று யாரும் காட்டமாட்டார்கள், நீங்கள் பார்க்க வேண்டியதோ அதைத்தான். கடல் பக்கம் ஒரு ஜன்னல், எதிர்ச்சுவரில் ஜன்னல் இல்லை என்றால் காற்று உள்ளே நுழையவே நுழையாது. போவதற்கு வழி இருந்தால்தான் வரும். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு, கூரைக்கும் சுவருக்கும் நடுவே வெப்பம் வெளியேற இடைவெளி, மழை அடித்தாலும் ஜன்னலை மூட வேண்டியிராதபடி நீட்டிய கூரை விளிம்பு, இந்த மூன்றும் இருந்தால் மின்விசிறி இல்லாமலும் சமாளிக்கலாம். உட்கூரை போடாத தகரக் கூரை பகல் முழுக்கச் சூட்டைக் கீழே இறக்கும். நிழல் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். தரையிலிருந்து தூக்கித் தூண்மேல் கட்டிய கேபின் மிக நல்லது. அடியிலும் காற்று ஓடும், மழைத்தண்ணீர் உள்ளே வராது, நண்டும் எலியும் குறையும்.

நிழல் வேண்டும், ஆனால் தென்னை நிழல் வேண்டாம். காயும் மட்டையும் சொல்லிக்கொண்டு விழாது. காய் பறித்து, காய்ந்த மட்டையை வெட்டிவிட்ட மரங்களா என்று கேளுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை:

- குழாயில் வருவது நல்ல தண்ணீரா, உப்பு கலந்த கிணற்றுத் தண்ணீரா? குடிக்கலாமா?
- மின்சாரம் எத்தனை மணி நேரம்? இரவு முழுக்க மின்விசிறி ஓடுமா?
- ஜன்னல் வலையில் கிழிசல் உண்டா?
- சமைக்கும் இடம் கேபினுக்கு வெளியே இருக்கிறதா?
- கடைசிப் படகு எத்தனை மணிக்கு? மருத்துவ உதவி எவ்வளவு தூரத்தில்?

படி 3: மூட்டை கட்டுவது

உடை குறைவாகப் போதும். மெல்லிய பருத்தித் துணி, மாலைக்கு முழுக்கை முழுக்கால், நனைந்தால் காயும் செருப்பு, பவளத்தில் நடக்க ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி. கனத்த ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் ஊர் திரும்பும்வரை ஈரமாகத்தான் இருக்கும். படுக்கைக்குப் பருத்தி விரிப்பு இரண்டு. ஒன்று வியர்வையில் நனைந்தால் மற்றொன்று.

கொசுவலையில் கவனம் செலுத்துங்கள். சாதாரண வலையின் கண் 1.2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். கொசுவை அது நிறுத்தும். கடற்கரையில் அதைவிடத் தொந்தரவு தரும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத கடிபூச்சிகள் அதற்குள் நுழைந்துவிடும். அவற்றுக்கு 0.6 மில்லிமீட்டர் கண் வேண்டும். கண் சிறுத்தால் காற்றும் குறையும், எனவே வலைக்கு உள்ளே ஒரு சின்ன மின்விசிறி அவசியம். கூம்பு வலையைவிடப் பெட்டி வடிவ வலை மேல். கூம்பில் கையோ முழங்காலோ வலையை ஒட்டிக்கொள்ளும், பூச்சி வெளியிலிருந்தே கடிக்கும். தொங்கவிட 10 மீட்டர் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தில் கொடி கட்டலாம்.

மின்விசிறிக்கு ஒரு கணக்கு. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்பது 74 வாட்-ஹவர். மாற்றத்தில் வீணாவது போக 60 வாட்-ஹவர் வாக்கில் கையில் கிடைக்கும். 5 வாட் யுஎஸ்பி விசிறி அதில் 12 மணி நேரம் ஓடும், அதாவது ஓர் இரவு. போனுக்கு வேறொரு பவர் பேங்க் வேண்டும்.

இவற்றோடு ஆளுக்கொரு தலைவிளக்கு, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாக்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், நீர்புகாப் பை, முதலுதவிப் பெட்டி. பூச்சி விரட்டியில் டீட் 20–30 சதவீதம் அல்லது பிக்காரிடின் 20 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரத்தில் படாமல் பூசுங்கள். வெயில் கிரீமை முதலில் தடவி, அது ஊறிய பிறகே விரட்டி. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த வெயில் கிரீமைப் பவளத்தின் பொருட்டு பசிபிக் தீவு நாடான பலாவு 2020 ஜனவரி முதலும், ஹவாய் 2021 ஜனவரி முதலும் விற்பனையிலிருந்து நிறுத்திவிட்டன. எந்தத் தீவுக்குப் போனாலும் துத்தநாக ஆக்ஸைடு கிரீமே எடுத்துப் போங்கள்.

படி 4: தண்ணீரும் சாப்பாடும்

குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல், பல் துலக்கல் சேர்த்தால் 6 லிட்டர். இருவர், மூன்று நாள் என்றால் 36 லிட்டர், கூடுதல் நாளுக்கு 12. ஒரே பெரிய கேனில் கொண்டுபோனால் படகிலிருந்து இறக்கச் சிரமம், உடைந்தால் மொத்தமும் போய்விடும். 10 லிட்டர் கேன்களாகப் பிரியுங்கள்.

அங்கே கிடைக்கும் நல்ல தண்ணீரைக் குடிக்க வேண்டிவந்தால், தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். எரிபொருள் இல்லையா? வாசனை சேர்க்காத, 5–6 சதவீத ப்ளீச் லிட்டருக்கு 2 சொட்டு. கலங்கலாக இருந்தால் வடிகட்டிவிட்டு 4 சொட்டு. 30 நிமிடம் கழித்து லேசான குளோரின் வாசனை வர வேண்டும். உப்பு மட்டும் இந்த வழிகளில் போகாது.

ஐஸ் பெட்டியில் துண்டு ஐஸைவிடக் கட்டி ஐஸ் நெடுநேரம் தாங்கும். உணவு ஒரு பங்கு என்றால் ஐஸ் இரண்டு பங்கு. அப்படியும் இரண்டாம் நாள் இரவுக்கு மேல் நம்ப வேண்டாம். மூன்றாம் நாளுக்கு உலர்பொருளும் டின்னும்தான். 32 டிகிரிக்கு மேல் போகும் வெயிலில் சமைத்த உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. பவளத்திட்டில் பிடித்த பெரிய சீலா, களவா போன்ற மீன்களை உள்ளூர்க்காரர்கள் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். சிகுவடேரா என்னும் நோயை உண்டாக்கும் நஞ்சு அவற்றில் சேர்ந்திருக்கலாம், அது வேகவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது.

அடுப்பை எக்காரணம் கொண்டும் கேபினுக்குள் பற்றவைக்காதீர்கள். மழை பெய்தாலும் சரி. கரி அடுப்பின் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது.

படி 5: போய் இறங்கிய முதல் ஒரு மணி நேரம்

பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். வெப்பமண்டலத்தில் சூரியன் மறைந்தால் அரை மணிக்குள் இருட்டிவிடும்.

பையைப் பிரிக்கும் முன் கடற்கரையில் இறங்கி ஏற்றக்கோட்டைப் பாருங்கள். பாசி, சருகு, சுள்ளி, சிப்பியெல்லாம் ஒரு வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். சில இடங்களில் இரண்டு வரிசை இருக்கும். கீழே உள்ளது ஈரப் பாசியோடு கறுத்திருந்தால் இன்றைய ஏற்றம். மேலே வெளுத்துக் காய்ந்து கிடப்பது பெரிய ஏற்றம் வந்த இடம். அதற்கும் மேலே அடும்பு படர்ந்திருக்கும்: ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த தடித்த இலை, ஊதா நிறப் புனல் பூ. அடும்பு செழித்துப் படர்ந்த இடத்துக்குக் கடல் அன்றாடம் வருவதில்லை. நாற்காலி, காலணி, துவைத்த துணி எதையும் மேல் வரிசைக்குக் கீழே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

பிறகு மேட்டுக்குப் போகும் வழி. கேபின் வாசலிலிருந்து உயரமான இடம் வரை பகலிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். நிலம் நீண்ட நேரம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, பேரிரைச்சல் கேட்டாலோ சுனாமி எச்சரிக்கைக்குக் காத்திராமல் அந்த வழியில் ஏற வேண்டும். இயன்றால் 30 மீட்டர் உயரம். முதல் அலையோடு முடியாது, பல மணி நேரம் தொடரலாம். அதிகாரிகள் சொல்லும்வரை இறங்காதீர்கள்.

கேபினுக்குத் திரும்பியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு மெல்லிய துணியைக் கையில் பிடித்து எங்கே அதிகம் ஆடுகிறது என்று பாருங்கள். கட்டிலை அங்கே நகர்த்துங்கள், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு. வலையைக் கட்டி ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். ஜன்னல் வலையில் ஓட்டை இருந்தால் டேப் ஒட்டுங்கள். சாப்பாட்டு டப்பாக்களைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள்.

படி 6: அந்தியும் இரவும்

பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசிய காற்று சூரியன் இறங்க இறங்கத் தளரும். இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசத் தொடங்கும். சின்னத் தீவில் அது மிக லேசாக இருக்கும். இடையில் காற்று நின்றுபோகும் அந்த நேரம்தான் கடிபூச்சிக்கு உகந்தது. அவற்றுக்குப் பறக்கும் வலு குறைவு, சற்றே காற்றடித்தாலும் நிற்க முடியாது. எனவே அந்திக்கு அரை மணி முன்பே குளித்து, முழுக்கை போட்டு, விரட்டி பூசி, விசிறி ஓடும் இடத்தில் உட்காருங்கள். விடியலிலும் இதே கதைதான். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, அதனால் பகலுக்கும் விரட்டி வேண்டும்.

ஆமை முட்டையிடும் கரை என்றால் கடலைப் பார்த்த விளக்குகளை அணையுங்கள். தாய் ஆமை வெளிச்சம் கண்டால் திரும்பிப்போகும், குஞ்சுகள் கடல் என்று நினைத்து விளக்கை நோக்கி ஊர்ந்துவரும். மணலில் தோண்டிய பள்ளங்களையும் மூடிவிட்டு வாருங்கள்.

படி 7: கடலில் இறங்கும்போது

அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளியில்தான் கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம் ஓடும். புதியவர்கள் குளிக்கத் தேர்ந்தெடுப்பதும் அந்த இடத்தையே. இழுத்துப் போனால் எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்து, கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் இடம் வந்ததும் திரும்புங்கள்.

மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப்போகும். அதன் முள்ளோ கல்மீன் முள்ளோ குத்தினால், பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை வைத்துக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். பவளக் கீறல் சிறிதாக இருந்தாலும் சுத்தமான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே தங்கும் துகளால் சீழ் பிடிக்கும்.

படி 8: உப்பும் ஈரமும், தினமும்

உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதனால் கடல்நீரில் நனைந்த துணி எத்தனை நேரம் தொங்கினாலும் பிசுபிசுவென்றே இருக்கும். ஒரு வாளி நல்ல தண்ணீரில் அலசினால்தான் காயும். கடல்காற்று பட்ட ஜிப், கத்தி, அடுப்பு பர்னரை மாலையில் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்துணியால் துடையுங்கள். போனின் சார்ஜ் துளை நனைந்திருந்தால் சார்ஜ் போடாதீர்கள். ஈரத்தில் உப்பும் மின்சாரமும் சேர்ந்தால் முனைகள் அரித்துவிடும். வாசலில் கால் கழுவ ஒரு தொட்டித் தண்ணீர், பக்கத்தில் ஒரு மிதியடி, இது இருந்தால் படுக்கைக்கு மணல் வராது.

படி 9: கிளம்புவது

வலையை வெயிலில் காயவைத்து மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். பேட்டரி, டின், பிளாஸ்டிக் எல்லாம் உங்களோடே திரும்பட்டும், குப்பையைப் புதைக்க இடமுள்ள தீவுகள் குறைவு. உயிருள்ள சங்கையும் பவளத்துண்டையும் எடுக்காதீர்கள். காலிச் சங்கு துறவி நண்டுக்கு வீடு. வீடு வந்ததும் கத்தி, அடுப்பு, காலணி, பையின் ஜிப்புகளை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு ஜிப்புக்கு மெழுகு தடவி எடுத்து வையுங்கள்.