பேஸ் கிட்டாரில் ஒரு ஸ்ட்ரிங் மட்டும் அடங்கிக் கேட்கிறதா? திருப்புளியை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

கோயில் திருவிழாக் கச்சேரியிலோ சர்ச் பாடகர் குழுவிலோ புதிதாக பேஸ் பிடிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, இ ஸ்ட்ரிங் முழங்குது, ஜி ஸ்ட்ரிங் எங்கேயோ கேக்குது. பிக்கப் போயிடுச்சா?" பிக்கப், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரச் சைகையாக்கும் காந்தப் பாகம், போவது அபூர்வம். அறை, ஆம்ப், விரல், பழைய ஸ்ட்ரிங் என்று சந்தேகப்பட வேண்டியவை நிறைய இருக்கின்றன. எடுத்த எடுப்பில் பிக்கப் ஸ்க்ரூவைத் திருகினால், எது கோளாறு என்பதே பிறகு தெரியாமல் போய்விடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: டியூனர், ஸ்டார் திருப்புளி, சேடிலுக்கு (உடலில் ஸ்ட்ரிங்குகள் முடியும் பிரிட்ஜில், ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் தாங்கும் சிறு துண்டு) பொருந்தும் ஆலன் கீ, காலாவதியான நான்கு ஏடிஎம் கார்டு.

படி 1: ஒரே சுரத்தை இரண்டு ஸ்ட்ரிங்கில் வாசியுங்கள்

திறந்த ஸ்ட்ரிங்குகளை வரிசையாகத் தட்டி ஒப்பிடுவதில் பயனில்லை. இ ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73, ஜி 98. வீட்டில் வைத்திருக்கும் சின்ன ஆம்பின் ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை ஒழுங்காகத் தள்ள முடியாது, அதனால் இ மெலிந்து கேட்கும். அதே ஆம்பை கான்கிரீட் அறையின் மூலையில் வைத்தால், ஏதோ ஒரு கீழ்ச்சுரம் மட்டும் அறையே அதிர முழங்கும். இரண்டிலும் கிட்டார் மேல் குற்றமில்லை.

எனவே இப்படிச் சோதியுங்கள். (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி.) இ ஸ்ட்ரிங்கின் 10-ஆம் ஃப்ரெட், ஏ ஸ்ட்ரிங்கின் 5-ஆம் ஃப்ரெட்: இரண்டும் ஒரே டி சுரம். ஏ-யில் 10, டி-யில் 5: இரண்டும் ஜி. டி-யில் 10, ஜி-யில் 5: இரண்டும் சி. தடித்த ஸ்ட்ரிங்கில் நாதம் கொஞ்சம் கனமாக வரும், அதை விட்டுவிட்டு சத்தத்தின் அளவை மட்டும் கவனியுங்கள். மூன்று ஜோடியும் சமமாகக் கேட்டால் உங்கள் பேஸ் நன்றாகத்தான் இருக்கிறது. ஆம்பை மூலையிலிருந்து நகர்த்துங்கள், அது முழங்கினால் ஆம்பில் உள்ள பேஸ் நாபைக் குறையுங்கள், வேலை முடிந்தது.

படி 2: விரல்

எல்லா ஸ்ட்ரிங்கையும் பிக்கப்புக்கு நேராக, ஒரே இடத்தில் மீட்டுங்கள். ஜி-க்குப் போகும்போது கை தானாக பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தால் சத்தம் மெலியும். செல்போனில் உங்கள் கையை வீடியோ எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

படி 3: ஸ்ட்ரிங்

டெல்டாவில் இதுதான் பெரிய சந்தேகம். நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடிப் பக்கம் உப்புக் காற்று. உள்ளே கும்பகோணம், மன்னார்குடியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரம். அதோடு கை வியர்வையும் சேர்ந்தால், மேலே பளபளப்பாக இருக்கும் ஸ்ட்ரிங்கின் சுற்றுக்கம்பிகளுக்கு நடுவில் அழுக்கும் துருவும் ஏறிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் அடியிலும் மேலிலும் துடைப்பதுதான் மலிவான வைத்தியம்.

புது ஸ்ட்ரிங்கும் மொக்கையாக ஒலிக்கலாம். மாட்டும்போது முறுக்கு விழுந்திருந்தால் அப்படி ஆகும். தளர்த்தி, பிரிட்ஜ் முனையைக் கழற்றி, தானாகச் சுழன்று முறுக்கு அவிழ விட்டு மறுபடி மாட்டுங்கள். முனையை வெட்டுவதாக இருந்தால், வெட்டும் இடத்துக்கு முன்னால் ஒரு மடிப்புப் போட்டுவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் சுற்றுக்கம்பி உள்ளே தளர்ந்து நாதம் செத்துவிடும். சேடிலைத் தாண்டியதும் ஸ்ட்ரிங்கை விரலால் ஒருமுறை அழுத்தி விடுவதும் நல்லது.

ஒரே ஒரு புது ஸ்ட்ரிங்கைப் பழைய மூன்றோடு சேர்த்தால் அது மட்டும் துள்ளிக்கொண்டு நிற்கும். காசு பார்க்காமல் செட்டாக மாற்றுங்கள்.

படி 4: பிக்கப் உயரம்

இங்கே பொறுமை வேண்டும். சுருதி சேர்த்து, வால்யூம், டோன் இரண்டையும் முழுதாக வையுங்கள். இ ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்கின் அடிக்கும் பிக்கப்பின் மேல்பரப்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஏடிஎம் கார்டு ஒன்றின் கனம் 0.76 மி.மீ. நான்கு கார்டு சேர்ந்தால் 3 மி.மீ. இ பக்கம் நான்கு கார்டு, ஜி பக்கம் மூன்று கார்டு நுழையும் அளவு வைத்துத் தொடங்குங்கள். நாணயத்தை வைத்து அளக்க வேண்டாம், பிக்கப்பின் காந்தம் அதைப் பிடித்து இழுக்கும். நடப்பில் உள்ள கார்டும் வேண்டாம், அதன் காந்தப் பட்டை கெடலாம்.

ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகினால் பிக்கப் இறங்கும், இடப்பக்கம் திருகினால் ஏறும். ஒவ்வொரு முறையும் கால் சுற்று மட்டும், பிறகு படி 1-இன் ஜோடிகளை வாசித்துப் பாருங்கள். மெலிந்த ஸ்ட்ரிங்கை ஏற்றுவதற்கு முன் முழங்கும் ஸ்ட்ரிங்கின் பக்கத்தை இறக்குங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்து, காந்தத்தை ஸ்ட்ரிங்குக்கு மிக அருகில் கொண்டுபோய்விடுகிறார்கள். அப்போது காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்கும், சுருதி அலையும், நாதமும் சீக்கிரம் அடங்கும்.

இடப்பக்கம் திருகியும் பிக்கப் ஏறவில்லையா? அடியில் இருக்கும் ஃபோம் நசுங்கியிருக்கும். நம் ஊர் வெக்கையில் அது மக்கிப் போவது சகஜம். பழைய மவுஸ் பேடில் ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்தால் போதும்.

பிக்கப் வகையையும் பாருங்கள். ஃபெண்டர் பிரெசிஷன் பேஸில் 1957 முதல் பிக்கப் இரண்டு துண்டு: ஒன்று இ, ஏ-க்கு, மற்றது டி, ஜி-க்கு. தனித்தனியாக ஏற்றி இறக்கலாம் என்பதால் வேலை சுலபம். ஜாஸ் பேஸ் வகையில் ஒரே நீளத் துண்டு நான்கு ஸ்ட்ரிங்குக்கும் பொது, அதைச் சாய்க்கத்தான் முடியும். நடுவில் இருக்கும் ஏ அல்லது டி மட்டும் முழங்கினால், அதன் சேடிலை ஆலன் கீயால் மிகக் கொஞ்சம் ஏற்றுங்கள். விரலுக்குக் கடினமாகாத அளவோடு நிறுத்திவிட்டு, மறுபடி சுருதி பாருங்கள்.

பிக்கப்பில் தெரியும் வட்டக் காந்தங்களைக் கையால் அழுத்தவோ தட்டி இறக்கவோ கூடாது. பல பிக்கப்புகளில் முடியை விட மெல்லிய செப்புக் கம்பி அவற்றின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும். அறுந்தால் பிக்கப் காலி. ஸ்க்ரூ தலை உள்ள வகை மட்டும் திருகுவதற்கென்றே செய்தது.

படி 5: வயரிங்

இரண்டு துண்டு பிக்கப்பில் டி, ஜி இரண்டும் ஒரே நாளில் அடங்கிவிட்டால் அது உயரப் பிரச்சினை இல்லை. ஆம்ப் சத்தத்தைக் குறைத்து வைத்து, திருப்புளி முனையால் ஒவ்வொரு காந்தத்தையும் லேசாகத் தொடுங்கள். நல்ல பாதியில் 'டொக்' என்று கேட்கும். மற்ற பாதியில் கேட்கவில்லை என்றால் சால்டர் விட்டிருக்கலாம், உள்ளே சுற்றிய செப்புக் கம்பி (காயில்) போயிருக்கலாம். தஞ்சாவூரில் வீணை செய்பவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் இது அவர்கள் வேலை அல்ல. ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களின் கீபோர்டையும் ஆம்பையும் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

எதற்கும் மசியாத ஒன்று

ஜி ஸ்ட்ரிங்கில் 5 முதல் 7 வரையுள்ள ஏதோ ஒரு ஃப்ரெட்டில் மட்டும் நாதம் சட்டென்று அடங்கினால், அது கழுத்து மரத்தின் அதிர்வால் வருவது. நல்ல விலை உயர்ந்த பேஸ்களிலும் உண்டு, பிக்கப்பைத் திருகித் தீராது. தலைப்பகுதியில் கனமான கிளாம்ப் ஒன்றை மாட்டினால் அந்த இடம் கொஞ்சம் நகரும். கச்சேரியில் அதெல்லாம் பார்க்க நேரமில்லை என்றால், அதே சுரத்தை டி ஸ்ட்ரிங்கில் ஐந்து ஃப்ரெட் தள்ளி வாசித்துவிடுங்கள்.