புறநகர்ல வீடு வாங்குறதுக்கு முன்னாடி: மழைல ஒரு தடவை போய் நில்லுங்க

போன ரெண்டு வருஷமா சென்னைப் புறநகர்ல, தாம்பரத்துல இருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் வீடு வீடா ஏறி இறங்கினேன், எண்ணிப் பார்த்தா முப்பதுக்கு மேல இருக்கும், கடைசில ஒண்ணு வாங்கியும் ஆச்சு. முதல் தடவை வாங்கப் போறவங்களுக்காக நான் எப்படி பார்த்தேன்னு வரிசையா எழுதுறேன். இது தனி வீடு, அதுவும் ஏற்கனவே ஒருத்தர் குடியிருந்த வீடு வாங்குறவங்களுக்கு. புது ஃபிளாட்டுக்கு யூடிஎஸ் (நிலத்துல உங்க பங்கு), ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டம்)ன்னு வேற கதை இருக்கு, அது இதுல வராது.

மொதல்ல ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. பெயிண்ட், டைல்ஸ், கிச்சன், பாத்ரூம் எல்லாம் காசு இருந்தா மாத்திக்கலாம். மண்ணோட மட்டம், தெரு, தண்ணி இந்த மூணையும் உங்களால மாத்தவே முடியாது. ஆனா நம்ம ஆளுங்க வீட்டுக்குள்ள போனதும் நேரா மாடுலர் கிச்சனைத் தான் திறந்து பாக்குறாங்க.

ஸ்டெப் 1: வீட்டுக்குப் போகாம ஊரைப் பாருங்க

பேர்லயே பாதி விஷயம் இருக்கு. தாங்கல்னா சின்ன ஏரி. ஊர் பேர்ல தாங்கல், ஏரி, பள்ளம்னு வந்தாலோ தெரு பேரு ஏரிக்கரை தெருன்னு இருந்தாலோ ஒரு நிமிஷம் நில்லுங்க. லேக் வியூ நகர்னு போர்டு இருந்தா லேக் எங்கன்னு கேளுங்க, சில இடத்துல நீங்க நிக்கிறதே லேக்ல தான். கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் ப்ரோ போட்டு பழைய வருஷ படங்களைப் பாருங்க, இலவசம் தான். 2005 வாக்குல அந்த இடம் வயலா, ஏரியா, வாய்க்கால் ஓடுச்சான்னு ஓரளவு தெரிஞ்சிடும்.

எங்க பக்கம் அடையாறு ஆத்தோட கதை எல்லாருக்கும் தெரியும். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம்னு வர்ற வழியில தான் 2015 டிசம்பர் வெள்ளத்துல அந்த அடி. தாம்பரத்துல மட்டும் ஒரே நாள்ல 49 செ.மீ. மழை பதிவாச்சு. 2023 மிக்ஜாம் புயலுக்கும் அந்தப் பக்கம் நிறைய தெருல தண்ணி நின்னுச்சு. அதுக்காக முடிச்சூர்ல வாங்கவே கூடாதுன்னு சொல்லல, ஒரே ஊர்ல ஒரு தெருல இடுப்பளவு தண்ணி, நாலு தெரு தள்ளி வாசல் கூட நனையல. அதனால ஊரைக் கேக்காதீங்க, தெருவைக் கேளுங்க. கேக்கும்போதும் "தண்ணி வருமா?"ன்னு கேட்டா "வராது சார்"னு தான் பதில் வரும். "2015-ல எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க, ஆளுங்க கையாலயே அளவு காட்டுவாங்க.

ஸ்டெப் 2: ஒரே வீட்டுக்கு நாலு தடவை போங்க

ப்ரோக்கர் உங்களை ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குத் தான் கூட்டிட்டுப் போவாரு. அந்த நேரத்துல எந்தத் தெருவும் அமைதியா அழகா தான் இருக்கும். நீங்க தனியா வேலை நாள் காலைல எட்டு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை, நல்ல வெயில்ல ஒரு தடவை, நல்ல மழைல ஒரு தடவை போங்க.

காலைல போறப்ப ஆபீஸ் கிளம்புற மாதிரியே கிளம்பி ஸ்டேஷனுக்கு நடந்து பாருங்க. "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம் சார்"னா அது பைக்ல, டிராஃபிக் இல்லாதப்ப, ரயில்வே கேட் திறந்திருந்தா. இன்னொன்னு, சென்னை பீச் ஸ்டேஷன்ல இருந்து வர்ற மின்சார ரயில் நிறைய தாம்பரத்தோட நின்னுடும், செங்கல்பட்டு வரைக்கும் போறது கம்மி. தாம்பரம் தாண்டி வாங்குறீங்கன்னா உங்க ஆபீஸ் நேரத்துக்கு வண்டி இருக்கான்னு டைம்டேபிள் பார்த்துக்கங்க, இல்லன்னா தினமும் தாம்பரத்துல இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நிக்கணும்.

மழை விசிட் தான் முக்கியம். எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போய் அட்வான்ஸ் கொடுக்க ரெடியா இருந்த ஒரு வீடு, நவம்பர் மாசம் மழை விட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போனேன். மெயின் ரோடு காஞ்சிருச்சு, அந்தத் தெருல மட்டும் கணுக்கால் தண்ணி. பக்கத்து வீட்டம்மா வாசல்ல செங்கல் அடுக்கி நடந்துட்டு இருந்தாங்க. "எப்பவும் இப்படியாக்கா?"ன்னேன், "இது என்ன தம்பி, இது மழையே இல்ல"ன்னாங்க. அத்தோட திரும்பிட்டேன்.

ஸ்டெப் 3: ரோடு மட்டத்தை அளங்க

இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். நம்ம ஊர்ல பழைய ரோட்டைச் சுரண்டிட்டு தான் புதுசு போடணும்னு அரசாங்கம் சொல்லியிருக்கு, ஆனா உள் தெருல பல இடத்துல பழசு மேலயே போட்டுட்டுப் போயிடுறாங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு இன்ச் ஏறினா பதினஞ்சு இருவது வருஷத்துல வீடு பள்ளத்துக்குப் போயிடும். கட்டும்போது மூணு படி ஏறிப் போன வீட்டுல இப்போ ஒரு படி தான் வெளிய தெரியும். சில வீட்டுல கேட்டுக்குள்ள இறங்கித் தான் போகணும், அப்போ மழைத்தண்ணியும் உங்க கூடவே இறங்கி வரும்.

அதனால ஒரு டேப் எடுத்துட்டுப் போய் ரோட்டுல இருந்து ஹால் தரை எவ்வளவு உசரம்னு அளங்க. குறைஞ்சது ரெண்டு மூணு அடியாவது இருக்கணும்னு நான் வச்சுக்கிட்டேன், ஏன்னா ரோடு இன்னும் ஏறத் தான் போகுது. எதிர்ல புதுசா கட்டுற வீட்டுக்காரர் எவ்வளவு மண்ணு கொட்டி ஏத்துறாருன்னும் பாருங்க. அவரு ஏத்தினா அவரு வீட்டுத் தண்ணி எங்க போகும்? மழைநீர் வடிகால் இருக்குன்னு காட்டுவாங்க, அது எங்க போய் சேருதுன்னு நடந்து பாருங்க. நான் பார்த்த ஒண்ணு காலி மனைல போய் முடிஞ்சுது. அங்க வீடு வந்தா அவ்வளவு தான்.

ஸ்டெப் 4: தண்ணி

ஓனர் கிட்ட கேக்காதீங்க. மளிகைக் கடை, இஸ்திரி போடுறவரு, பூக்காரம்மா, இவங்களைக் கேளுங்க. "மே மாசம் இந்தத் தெருக்கு லாரி வருமா?"ன்னு ஒரே கேள்வி போதும். போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை நேரம் ஓடினா டேங்க் ரொம்பும்னு விசாரிங்க. தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு அளவைக் காட்டுற டிடிஎஸ் மீட்டர் ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு கிடைக்குது, குழாய்ல பிடிச்சுப் பாருங்க. குடிக்கிற தண்ணிக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) சொல்றது லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும். மீட்டர் இல்லன்னா பாத்ரூம் குழாய், ஷவர் முனைல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கான்னு பாருங்க, அதுவே ரிப்போர்ட். ஆனா டிடிஎஸ் கம்மின்னா தண்ணி சுத்தம்னு அர்த்தம் இல்ல, சாக்கடை கலந்திருந்தா மீட்டர் சொல்லாது. அதனால சம்ப்பும் (தரைக்கடியில இருக்குற தண்ணித் தொட்டி) செப்டிக் டேங்க்கும் எவ்வளவு தள்ளி இருக்குன்னு கண்டிப்பா பாருங்க, பாதாள சாக்கடை இல்லாத ஏரியால இது ரொம்ப முக்கியம்.

ஸ்டெப் 5: இப்போ வீட்டுக்குள்ள

புது பெயிண்ட் வாசனை வந்தா உஷார். விக்கிறதுக்கு முன்னாடி அடிக்கிறது சகஜம் தான், ஆனா ஒரே ஒரு சுவர் மட்டும் புதுசா இருந்தா அங்க ஏதோ இருக்கு. ஓதம், அதாவது சுவர் ஈரம், தரைல இருந்து ஏறும், அதனால ஸ்கர்ட்டிங்க்கு (சுவர் அடில ஒட்டுற டைல்ஸ் பட்டை) மேல ஒரு அடியை கையால தடவிப் பாருங்க, பீரோ பின்னாடி, காலண்டர் பின்னாடி எட்டிப் பாருங்க. மயிரிழை மாதிரி பூச்சு விரிசல் எல்லா வீட்டுலயும் இருக்கும். ஜன்னல் மூலைல இருந்து சாய்வா ஓடுற விரிசல், காசு நுழையிற அளவு விரிசல்னா ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. சீலிங்ல துருக் கறை இருந்தாலோ சிமெண்ட் பேந்து கம்பி தெரிஞ்சாலோ உள்ள கம்பி அரிக்குதுன்னு அர்த்தம், அது பெயிண்டர் வேலை இல்ல.

மொட்டை மாடிக்கு கட்டாயம் ஏறுங்க. மழை முடிஞ்சு போனீங்கன்னா தண்ணி எங்க தேங்கி நிக்குதுன்னு தெரியும். மத்ததெல்லாம் சின்னது: பாத்ரூம்ல ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க, த்ரீ ஃபேஸ் இருக்கா, ஈபி கார்டு யார் பேர்ல இருக்கு, பாக்கி இருக்கா.

ஸ்டெப் 6: பேப்பர்

இதுக்கு வக்கீல் வேணும், ப்ரோக்கர் சொல்ற வக்கீல் வேணாம், நீங்களா ஒருத்தரைப் பிடிங்க. ஆனா அவர்கிட்ட போறதுக்கு முன்னாடியே நீங்க பாக்கக்கூடியது நிறைய இருக்கு. சர்வே நம்பர் வாங்கி அரசாங்க வெப்சைட்ல பட்டாவையும் புலப்படத்தையும் (நிலத்தோட அளவு வரைபடம்) பாருங்க, பதிவுத்துறை சைட்ல வில்லங்கச் சான்று (ஈசி) போட்டுப் பாருங்க, குறைஞ்சது 30 வருஷத்துக்கு. வில்லங்கத்துல பதிவான விஷயம் மட்டும் தான் வரும், பதிவு பண்ணாத உயிலோ வாய்வழி பாகப்பிரிவினையோ அதுல தெரியாது. அதனால மூலப் பத்திரம் (சொத்தோட முந்தைய கிரயப் பத்திரம்) ஒரிஜினல்ல கண்ணால பாருங்க, ஜெராக்ஸ் காட்டினா ஒரிஜினல் எந்த பேங்க்ல இருக்குன்னு கேளுங்க.

பூர்வீக சொத்துன்னா வாரிசு சர்டிபிகேட் வாங்கிப் பாருங்க. 2005 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் பொண்ணுங்களுக்கும் சம பங்கு, "தங்கச்சி கல்யாணம் பண்ணிப் போயிட்டா, அவ கேக்க மாட்டா"ன்னு அண்ணன் சொன்னா தங்கச்சியும் வந்து கையெழுத்து போடட்டும். புறம்போக்கு, கோயில் நிலம், பஞ்சமி நிலம் (பட்டியல் சாதி மக்களுக்குன்னு அரசாங்கம் ஒதுக்கினது) எதுவா இருந்தாலும் விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் வேணாம்.

"பஞ்சாயத்து அப்ரூவல் சார்"னு ஒரு வார்த்தை வரும். லேஅவுட்டுக்கு, அதாவது மனை பிரிக்கிறதுக்கு, அனுமதி கொடுக்குறது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இல்லன்னா டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), பஞ்சாயத்துத் தலைவர் தனியா கொடுக்க முடியாது. பழைய மனைன்னா 2017-ல வந்த வரன்முறை திட்டத்துல ரெகுலரைஸ் பண்ணியிருக்காங்களான்னு ஆர்டரைக் கேளுங்க, அது 2016 அக்டோபர் 20-க்குள்ள பதிவான மனைகளுக்கு. வீட்டுக்கான பிளான் அப்ரூவல் வேற, லேஅவுட் அப்ரூவல் வேற, ரெண்டும் வேணும். பிளான்ல ஒரு மாடி, நேர்ல ரெண்டு மாடின்னா லோன் கொடுக்குற பேங்க் இன்ஜினியரே உங்களுக்கு முன்னாடி கண்டுபிடிச்சிடுவாரு.

ஸ்டெப் 7: பணம்

வீட்டு விலை மட்டும் கையில வச்சுக்கிட்டுப் போகாதீங்க. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சம் வீடுன்னா 5 லட்சத்து 40 ஆயிரம் அங்கயே போயிடும். 50 லட்சம், அதுக்கு மேல போனா 1 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சு வாங்குறவங்க தான் கட்டணும், இது தண்ணி டிடிஎஸ் இல்ல, வருமான வரி. விக்கிறவருக்குக் கொடுக்குற காசுலயே கழிச்சுக்கணும், மறந்துட்டு முழுசா கொடுத்துட்டா அப்புறம் வட்டியோட உங்க கையில இருந்து தான் போகும்.

அட்வான்ஸ் கொடுக்குறப்ப கேஷ் வேணாம், சின்னத் தொகையா பேங்க் வழியா கொடுங்க, அக்ரிமெண்ட்ல லீகல் சரியில்லன்னா அட்வான்ஸ் திரும்பத் தரணும்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. அதுக்கு ஒத்துக்காதவர் கிட்ட நான் மேல பேசவே இல்ல, அப்படி ரெண்டு வீடு கை விட்டுப் போச்சு.

பத்திரம் பதிஞ்சு முடிஞ்சதும் பட்டா, சொத்து வரி, ஈபி மூணையும் அதே மாசத்துல பேர் மாத்திடுங்க. நான் ஈபிய மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன், எட்டு மாசம் பழைய ஓனர் போனுக்கு தான் பில் மெசேஜ் போய்ட்டு இருந்துச்சு, ஒரு நாள் ஃபியூஸ் பிடுங்க ஆள் வந்தப்ப தான் தெரிஞ்சுது.